சபராளிகள் குடிமக்களான வரலாறு
(கெடா தோட்டங்களிலும் பட்டணங்களிலும் நம் முன்னோர்)

சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுத இந்த மலரில் மூத்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சங்கம் தொடங்குவதற்கு முந்தைய வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. நான் வரலாறு படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் குடும்பத் துணிக்கடையில் உட்கார்ந்தவன். ஆனாலும் கடைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் கணக்காகப் பார்ப்பான்: யார் வந்தார், எப்போது வந்தார், எதைக் கொண்டுவந்தார், எதை விட்டுப் போனார், பாக்கி எவ்வளவு. அந்தக் கண்ணோடு இதை எழுதுகிறேன்.

"எங்கள் தாத்தா மலாயாவில் குடியேறினார்" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது முழு உண்மை ஆகாது. நம் பெரியவர்களில் பெரும்பாலோர் குடியேறும் எண்ணத்தோடு வரவில்லை. சம்பாதித்துத் திரும்பத்தான் வந்தார்கள். ஊரில் அவர்களைச் 'சபராளி' என்றார்கள். சபர் என்றால் பயணம். சபராளி பயணத்தில் இருப்பவர். நாற்பது ஆண்டுகள் சுங்கைப்பட்டாணியில் கடை நடத்தியவரும் ஊர்க்கணக்கில் பயணிதான். அந்தப் பயணிகள் எப்படி இந்த மண்ணின் குடிமக்கள் ஆனார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடாரம் முதல் கெடா வரை

கெடாவுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு நம் சமுதாயத்தைவிட மூத்தது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் இறங்கிய பொருள்களைச் சொல்லும் இடத்தில் காழகத்துப் பொருளும் வருகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் குறிப்பிடுகிறார். 1025-ஆம் ஆண்டையொட்டி இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு வந்தது. மெர்போக் பகுதியில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் சிதைவுகள் அந்தப் பழைய துறைமுக வாழ்வுக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன.

தமிழ் முஸ்லிம்கள் இந்தக் கடல்வழியில் பெரும் வணிகர்களாக விளங்கியது 17, 18-ஆம் நூற்றாண்டுகளில். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலான துறைமுகங்களிலிருந்து துணி ஏற்றி வந்தார்கள். திரும்பும்போது கெடாவிலிருந்து ஈயமும் யானைகளும் கொண்டுபோனார்கள். மரக்கலத்தில் யானையை ஏற்றி வங்கக் கடலைக் கடப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை எண்ணிப் பார்த்தாலே அவர்களின் திறமை விளங்கும். ஆங்கிலேயர் ஆவணங்களில் இவர்களுக்கு 'சூலியா' என்று பெயர். கெடா அரசவையில் சுல்தானின் வணிகத்தைப் பார்த்துக்கொள்ளும் சவுதாகர் பொறுப்பிலும் சூலியாக்கள் இருந்திருக்கிறார்கள்.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கெடா சுல்தானிடமிருந்து பெற்றுக் குடியேற்றம் தொடங்கினார். பினாங்கில் வாழும் சூலியாக்களைப் பற்றி 1794-இல் அவரே எழுதியிருக்கிறார்: அவர்களில் பெரும்பகுதியினர் நெடுங்காலம் கெடாவில் வாழ்ந்தவர்கள், சிலர் கெடாவிலேயே பிறந்தவர்கள் என்று. பினாங்கிலிருந்துதான் நம்மவர் கெடாவுக்கு வந்தார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். முதல் அலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. கெடாவின் சூலியாக்களே பினாங்கின் தமிழ் முஸ்லிம் சமுதாயத்துக்கு அடித்தளமாக இருந்தார்கள். 1801-ஐ ஒட்டிக் காதர் முகைதீன் அங்கே எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்த முதல் அலையின் அடையாளம்.

அந்த அலையில் வந்தவர்கள் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் ஜாவி பெரானாக்கான் என்று அழைக்கப்பட்டு, நாளடைவில் மலாய்ச் சமுதாயத்தோடு கலந்துவிட்டார்கள். இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை அவர்களின் கிளைகள் அல்ல. நாம் வந்தது நூறாண்டுக்குப் பின், ரப்பரோடு.

ரப்பரும் ரயிலும்

1909-இல் பாங்காக் ஒப்பந்தத்தின்படி கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. அதையொட்டி தெற்கு, மத்திய கெடாவில் காடுகள் வேகமாக ரப்பர்த் தோட்டங்கள் ஆயின. கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங், குரூண், பாலிங் என்று வரிசையாகத் தோட்டங்கள் எழுந்தன. 1911 மக்கள்தொகைக் கணக்கில் கெடாவில் இந்தியர் சுமார் 6 ஆயிரம் பேர். 1921-இல் சுமார் 33 ஆயிரம். 1931-இல் 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளில் எட்டு மடங்கு. 1918-இல் ரயில்பாதை கெடாவைக் கடந்து சயாம் ரயிலோடு இணைந்தது. ரயில் நின்ற இடமெல்லாம் பட்டணம் வளர்ந்தது. பட்டணம் வளர்ந்த இடமெல்லாம் நம்மவர் கடை போட்டார்கள்.

தோட்டத்துக்கு வந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். கங்காணிகள் வழியாக, தோட்ட முதலாளிகள் பணம் செலுத்திய குடிவரவு நிதியின் செலவில் கப்பலேறியவர்கள். அவர்களில் முஸ்லிம்கள் குறைவு. நம்மவர்கள் பெரும்பாலும் அந்தத் தோட்ட மக்களுக்குப் பொருள் விற்க வந்தவர்கள். கப்பல் சீட்டைத் தாமே வாங்கினார்கள். இல்லாவிட்டால் கடை முதலாளி வாங்கிக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். இராமநாதபுரம் கடற்கரையின் பனைக்குளம், சித்தார்கோட்டை, தொண்டி. தஞ்சைப் பகுதியின் கூத்தாநல்லூர், நாகூர், இராஜகிரி, பண்டாரவாடை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை. தெற்கே கடையநல்லூர், தென்காசி. இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டால் நம் சங்கக் குடும்பங்களில் யாராவது ஒருவர் "அது எங்க ஊர்" என்பார்.

அந்தப் பயணத்தின் நினைவாகப் பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் பெயர் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் இந்தக் கப்பல் 1926-இல் கட்டப்பட்டது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றும் அளவுக்கு அதற்கு அனுமதி இருந்தது. சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நிற்கும் கப்பலுக்குப் படகில் போய் ஏற வேண்டும். தளப் பயணிக்குப் படுக்கை கிடையாது. பாயும் தகரப் பெட்டியும் வைக்கிற இடம்தான் இடம். அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாயும் பொரிவிளங்காய் உருண்டையும் தீர்வதற்குள் பினாங்கு வந்துவிட வேண்டும். கப்பலில் தொற்றுநோய் கண்டால் பட்டணம் போக முடியாது. ஜெரஜாக் தீவில் முகாமில் கிடக்க வேண்டும். அதன்பின் படகில் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ கெடா.

கடையே வீடு

வந்து இறங்கிய பையனுக்குப் பன்னிரண்டு, பதினான்கு வயது இருக்கும். முதலாளி பெரும்பாலும் மாமாவாகவோ பெரியத்தாவாகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். கீழே கடை, மேலே படுக்கை. மேல்மாடி நிறைந்தால் கடையை அடைத்தபின் மேசைமேல் படுக்கை. எல்லோருக்கும் ஒரே அடுப்பு. சுபுஹுக்கு எழுந்து, தொழுது, பலகைகளை எடுத்துக் கடை திறந்தால் இரவு இஷா முடிந்த பிறகுதான் அடைப்பார்கள்.

சம்பளம் கையில் தரப்படாது. பேரேட்டில் அவன் பெயரில் ஒரு பக்கம் இருக்கும். மேலே 786 என்று எழுதி, சம்பளத்தை வரவாகவும், ஊருக்கு அனுப்பிய பணம், சட்டைத் துணி, முடிவெட்டிய காசு எல்லாவற்றையும் பற்றாகவும் எழுதுவார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஊருக்குப் போகும் முறை வரும்போது கணக்குத் தீர்ப்பார்கள். அந்தத் தொகைதான் அக்காவின் கல்யாணம், கூரை வீட்டுக்கு ஓடு, தனக்கு ஒரு நிக்காஹ். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஊரில் இருந்துவிட்டுத் திரும்புவான். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வரும். பிள்ளையின் முகத்தை அடுத்த முறையில்தான் பார்ப்பான். நல்ல முதலாளி கணக்கில் ஒரு காசு பிசகமாட்டார். கணக்குத் தீர்க்காமல் இழுத்தடித்த முதலாளிகளும் இருந்தார்கள். மலர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

கடையில் நிற்பவர் ஒரு வகை என்றால், தோட்டம் தோட்டமாகப் போனவர் மற்றொரு வகை. மிதிவண்டியின் பின்னால் துணி மூட்டை. லயத்துக்கு லயம் நிறுத்தி, சேலையை விரித்துக் காட்டுவார். ரொட்டி விற்றவர், மளிகை கொண்டுபோனவர், தோட்டத்துக்குள்ளேயே சில்லறைக் கடை வைத்தவர் என்று பலர். தோட்டத்து மக்கள் அவர்களைப் 'பாய்' என்றும் 'நானா' என்றும் கூப்பிட்டார்கள். மலாய்க்காரர்கள் 'மாமா' என்ற நம் சொல்லையே எடுத்து 'மாமாக்' ஆக்கினார்கள்.

இந்த வியாபாரம் முழுக்கக் கடனில் நடந்தது. தோட்டத்துத் தொழிலாளிக்கு மாதம் ஒரு நாள்தான் சம்பள நாள். மற்ற நாளெல்லாம் புத்தகத்தில் எழுத்து. பிற்காலத்தில் மலேசியா முழுவதும் புழங்கிய அந்தச் சட்டைப்பைக் குறிப்பேட்டை, அட்டையில் இருக்கும் எண்ணை வைத்து '555 புத்தகம்' என்றே எல்லா இனத்தவரும் சொன்னார்கள். தீபாவளிக்கு முன் எடுத்த சேலைக்குத் தைப்பூசம் வரை தவணை. பத்திரம் இல்லை, அடமானம் இல்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றால் தொழிலாளிக்குக் கூலி இல்லை. பாய்க்கு வசூலும் இல்லை. ரப்பர் விலை விழுந்தால் இரண்டு அடுப்பும் அணையும்.

1930-இல் அதுதான் நடந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை அடியோடு சரிந்தது. மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களை மலாயாவிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களோடு அவர்கள் பெயரில் எழுதிய கடனும் கப்பலேறியது. தாக்குப்பிடித்த கடைகள், பல சரக்கு விற்ற கடைகளும் மலாய் விவசாயிகளையும் வாடிக்கையாகக் கொண்ட கடைகளுமே. கெடா நெல் விளையும் நாடு என்பது அப்போது நம்மவர்களைக் காப்பாற்றியது.

மூன்றரை ஆண்டு மௌனம்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து கெடாவுக்குள் புகுந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றுப் பின்வாங்கியது. ஓரிரு நாளில் அலோர் ஸ்டார் ஜப்பானியர் கையில். 1943 அக்டோபரில் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. பாய் எழுதி வைத்திருந்த புத்தகத்தில் எத்தனையோ பெயர்களுக்கு எதிரே வரவு விழாமலே போனது.

கடலின் அந்தப் பக்கம் வேறு துயரம். தபால் நின்றது. மணியார்டர் நின்றது. மூன்றரை ஆண்டுகள் கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் நம் ஊர்களில் பெண்கள் இருந்தார்கள். நகையை விற்றார்கள், பாய் முடைந்தார்கள், இட்டிலி அவித்து விற்றார்கள். மலாயா வரலாற்றில் ஒரு வரியும் பெறாத அந்தப் பெண்கள் நம் பாட்டிகள், பூட்டிகள். கெடாவில் நம் கடைகள் எழுந்ததற்கு அங்கே அவர்கள் குடும்பத்தைத் தாங்கியதும் ஒரு காரணம். இங்கே இரண்டாவது குடும்பம் அமைத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த வகையில் இரண்டு நாட்டிலும் உறவுகளைப் பெற்ற குடும்பங்கள் நம்மில் பல. இன்று அந்த உறவுகள் தேடிப்பிடித்துச் சேர்வதைப் பார்க்கிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

போர் முடிந்தபோது ஜப்பானிய வாழைமர நோட்டு வெறும் காகிதமானது. கட்டுக் கட்டாகச் சேர்த்தவர் ஒரே நாளில் ஒன்றுமில்லாதவர் ஆனார். ரஜூலா போரில் படை ஏற்றிப் பிழைத்து மீண்டும் பழைய வழியில் ஓடியது. அதனோடு சேர்த்துக் கட்டப்பட்ட ரோனா பிழைக்கவில்லை. 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானத் தாக்குதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது.

1946, 47-இல் கெடா தோட்டங்கள் விழித்தெழுந்தன. தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். கூலிக்காகவும் மரியாதைக்காகவும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1948-இல் அவசரகாலம் வந்தது. தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி. அரிசி, டின் உணவு இவற்றைக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. மிதிவண்டி வியாபாரி காவல்சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாளக் கார்டு. நம் பெரியவர்கள் பலருக்கு இந்த நாட்டு அரசு கொடுத்த முதல் தாள் அதுதான்.

காகிதம் தீர்ப்புச் சொன்ன காலம்

இங்கிருந்துதான் பயணி, குடிமகன் என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவே கோடு விழுகிறது. மூன்று சட்டங்கள் அந்தக் கோட்டைப் போட்டன.

முதலாவது, 1953 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குடிவரவுச் சட்டம். அதுவரை முதலாளி கடிதம் எழுதினால் பையன் கப்பலேறலாம். இனி அது நடக்காது. குறிப்பிட்ட தகுதியும் சம்பளமும் உள்ளவர்கள், ஏற்கெனவே இங்கு இருப்போரின் மனைவி, சிறு பிள்ளைகள் இப்படிச் சிலருக்கே அனுமதி. தம்பி, மருமகன், ஊர்க்காரப் பையன் என்று சங்கிலியாக வந்த நம் கடைமுறை அத்தோடு உடைந்தது. அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது. ஊரிலிருந்து புதிய ஆள் வர முடியாது, மனைவி மக்கள் வரலாம் என்ற நிலை வந்ததும், தனியாளாக இருந்தவர்கள் குடும்பத்தை அழைக்கத் தொடங்கினார்கள். குடியேறுவதைத் தடுக்க வந்த சட்டமே பலரைக் குடும்பத்தோடு நிலைக்கச் செய்தது.

இரண்டாவது, 1957 சுதந்திர அரசியலமைப்பு. அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் முதல் பிரதமரானார். இங்கே பிறக்காதவர்களும் கடந்த 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் நாட்டில் வசித்திருந்தால் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம். முதல் ஓராண்டில் மனுச் செய்வோரில் ஒரு பகுதியினருக்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கு. கேட்க எளிதாக இருக்கிறது. சபராளியின் வாழ்க்கையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டு இங்கே, ஒரு வருடம் அங்கே என்று வாழ்ந்தவருக்கு 12-இல் 8 என்பது விளிம்பில் நிற்கும் கணக்கு. கூடுதலாக ஒருமுறை ஊரில் தங்கியிருந்தால் கணக்கு இடித்துவிடும். தாயின் நோய்க்காகப் போய் நெடுநாள் தங்கியவருக்கு அந்தப் பாசமே குறையாக வந்து நின்றது.

கணக்கு சரியாக இருந்தாலும் அதைக் காட்டத் தாள் வேண்டும். பழைய பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, கடை உரிமம், வாடகைச் சீட்டு, வரி ரசீது. முதலாளி பெயரில் எல்லாம் இருக்கும். கடைப் பையன் பெயரில் எதுவும் இருக்காது. மேசைமேல் படுத்தவனுக்கு வாடகைச் சீட்டு ஏது? அதோடு மனக்கலக்கம் வேறு. இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஊரில் வயல் இருக்கிறது, வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள். "இன்னும் இரண்டு வருடம் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். நாம் இன்று அவர்களைக் குறை சொல்வது எளிது. இரண்டு கரைக்கும் கடமைப்பட்டவர், ஒரு படிவத்தில் ஒரு கரையைத் தேர்ந்தெடு என்றால் தயங்கத்தான் செய்வார்.

தயக்கத்தின் விலை மூன்றாவது சட்டத்தில் தெரிந்தது. 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும். 1969 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் கலங்கிப்போனார்கள். பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். இளம் வயதில் வந்து, தலை நரைத்தபின் அதே தகரப் பெட்டியோடு பினாங்குத் துறைமுகத்துக்குப் போனவர்கள் அவர்களில் உண்டு. ஒரே கடையில் அருகருகே நின்று வேலை பார்த்த இருவரில், தாளைப் பத்திரமாக வைத்திருந்தவர் தங்கினார், மற்றவர் போனார். உழைப்பில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

வேர் பிடித்த ஆண்டுகள்

நம் சங்கம் உருவான 1970-களின் சூழல் இதுதான். தங்கியவர்களுக்கு இப்போது குடும்பம் இருந்தது; பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், குர்ஆன் ஓத மதரஸா வேண்டும், மகளுக்கு மாப்பிள்ளை வேண்டும், மய்யித்து ஆனால் தூக்க நாலு பேர் வேண்டும். கடை முதலாளியும் ஊர்க்கட்டும் பார்த்துக்கொண்ட காரியங்களை இனி ஒரு சங்கம்தான் பார்க்க முடியும். மனு எழுதத் தெரிந்த ஒருவர் மாலையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். விழாவும் விருந்தும் பின்னால் வந்தவை. நம் சமுதாய வேலையின் தொடக்கம் படிவம்தான்.

அதே ஆண்டுகளில் கடல்வழியும் மூடத் தொடங்கியது. ரஜூலா 1970-களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம் கப்பலும் 1980-களின் நடுப்பகுதியில் தீ விபத்துக்குப் பின் நின்றுபோனது. விமானம் வந்தது. பயணம் சில மணி நேரமானது. ஆனால் போகும் காரணங்கள் குறைந்தன. அங்கே அடக்கமான பெரியவர்களைவிட இங்கே அடக்கமானவர்கள் அதிகமானபோது, ஊர் எது என்ற கேள்விக்குப் பதில் மாறிவிட்டது. கெடாவின் மண்ணறைகளில் நம் அத்தாவும் அம்மாவும் உறங்குகிறார்கள். இதைவிடப் பெரிய குடியுரிமைப் பத்திரம் இல்லை.

நம்மை இங்கே வரவழைத்த தோட்டங்களும் மறைந்துகொண்டிருக்கின்றன. 1950, 60-களில் பல தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கத் துன் சம்பந்தன் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான், ஆண்டு 1961. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. கூலிமில் 1996 முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா இயங்குகிறது. லயத்தில் பிறந்தவரின் பேரன் இன்று தொழிற்சாலைச் சீருடையில் நம் கடைக்கு வருகிறார். 555 புத்தகம் இல்லை. கைப்பேசியில் காசு செலுத்துகிறார். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே மேசையில் தேநீர் குடிக்கும் இடமாக நம் உணவகங்கள் இருக்கின்றன. கடன்புத்தகத்தில் வளர்ந்த நம்பிக்கையின் பலன் இது.

இன்றைய சபராளி

இந்த வரலாறு முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. உங்கள் உணவகத்தின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். தட்டுக் கழுவும் தம்பி, ரொட்டி போடும் அண்ணன், துணிக்கடையில் மூட்டை இறக்கும் பையன். இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், ஊர்ப்பெயர்கள் பழையவைதான். மேல்மாடியில் வரிசையாகப் படுக்கிறார்கள். பிள்ளையின் முகத்தைக் கைப்பேசித் திரையில் பார்க்கிறார்கள். நம் தாத்தா செய்த சபரைத்தான் அவர்கள் செய்கிறார்கள். ஒரு வேறுபாடு: நம் தாத்தாவுக்குக் குடியுரிமை கேட்க ஒரு வாசல் இருந்தது. இவர்களுக்கு அது இல்லை. அனுமதிப் பத்திரம் முடிந்தால் போக வேண்டும்.

இதை ஒரு வியாபாரியாக மற்ற வியாபாரிகளிடம் சொல்கிறேன். வேலைக்காரரின் பாஸ்போர்ட்டை "பத்திரமாக இருக்கட்டும்" என்று முதலாளி அலமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி பிறர் பாஸ்போர்ட்டைச் சட்ட உரிமையின்றி வைத்திருப்பது குற்றம். ஆள் ஓடிவிடுவான், செலவழித்த பணம் போய்விடும் என்ற அச்சம் எனக்கும் தெரியும். அந்தச் செலவு சிறியது அல்ல. ஆனால் தன் பெயரில் தாள் இல்லாமல் போனதால்தான் நம் கடைப் பையன்கள் 1957-இலும் 1969-இலும் தவித்தார்கள். அதே தவிப்பை நாமே இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? அவர் பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கட்டும். சம்பளத்தை மாதாமாதம் கணக்கோடு கொடுப்போம். பழைய பேரேட்டு முறையில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சங்கக் குடும்பங்களுக்கு மற்றொரு வேண்டுகோள். வீட்டை மாற்றும்போது, கடையைப் புதுப்பிக்கும்போது பழைய தாள்களைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். தாத்தாவின் பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, ஊரிலிருந்து வந்த நீலநிறத் தபால்கள், 786 போட்ட பேரேடு, ஒரு 555 புத்தகம், கடை வாசலில் எடுத்த புகைப்படம். இவை எல்லாம் ஒரு காலத்தில் "நான் இங்கே இருந்தேன்" என்று அரசு அலுவலகத்தில் காட்டுவதற்காகப் பாதுகாக்கப்பட்டவை. அந்த வேலை முடிந்துவிட்டது. இப்போது நம் பிள்ளைகளிடம் அதையே சொல்வதற்கு அவை தேவை. அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். படமெடுத்து ஒரு பிரதியைச் சங்கத்தில் கொடுங்கள். பின்பக்கத்தில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிவையுங்கள். தமிழில் எழுதப்பட்டதை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் தமிழைப் பேசுகிறார்கள், வாசிப்பதில்லை. இன்னும் இருபது ஆண்டு போனால் பேரேடு இருக்கும், அதைப் படிக்க ஆள் இருக்காது.

ரஜூலாவின் தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் நமக்காக எதையும் திட்டமிட்டு வரவில்லை. குடும்பக் கடனை அடைக்க வந்தார்கள். நேர்மையாகக் கடன் கொடுத்தார்கள், வாங்கினார்கள், கணக்கு எழுதினார்கள். அதன் பலனை நாம் அனுபவிக்கிறோம். இங்கே அடக்கமானவர்கள், ஊர் திரும்பி அங்கே அடக்கமானவர்கள், சயாம் ரயில்பாதையில் பெயரில்லாமல் போன நம் தோட்டத்து உறவுகள் எல்லோரையும் இந்தப் பொன்விழா ஆண்டில் நினைவுகூர்வோம். அல்லாஹ் நம் முன்னோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்கள் உழைப்பை ஏற்று, அவர்களின் மண்ணறைகளை விசாலமாக்குவானாக. சபரில் இருக்கும் ஒவ்வொருவரையும் பத்திரமாக அவரவர் வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பானாக. ஆமீன்.